நான்கு மாதம் தனியாக வெளிநாடு: சின்னப் பொய்கள் சொன்னால் என்ன?

வாசகிக்கு வயது 37. ஒரே நிறுவனத்தில் 13 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். அலுவலக வேலையாக இரண்டு முறை, அதுவும் குழுவோடு, ஒரு வாரத்துக்கு மேல் தங்காமல் வெளிநாடு போய் வந்திருக்கிறார். இப்போது முதல்முறையாகத் தனியாகக் கிளம்புகிறார், மொத்தம் 115 நாள். போர்ச்சுகல், ஸ்பெயின், இத்தாலியில் 70 நாள், நடுவில் அல்பேனியாவில் 10 நாள், மறுபடியும் ஆஸ்திரியா, கிரீஸ் என்று 35 நாள். புறப்பட இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

கடிதத்தில் தனிமை, திருட்டு, மொழி தெரியாமை பற்றிய பயம்தான் முதல் இரண்டு பக்கமும். மூன்றாவது பக்கத்தில்தான் என்னிடம் கேட்க நினைத்தவை வருகின்றன. கடைசி ஐந்து வாரம் அங்கிருந்தபடியே லேப்டாப்பில் அலுவலக வேலை செய்யப்போகிறார். மேலாளர் வாய்வார்த்தையாகச் சரி என்றிருக்கிறார். ஏஜென்ட் ஒருவர் விசாவுக்காக ‘டம்மி டிக்கெட்’ எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். இன்ஷூரன்ஸ் படிவத்தில் ஆஸ்துமாவைக் குறிப்பிட்டால் பிரீமியம் கூடுகிறது, விட்டுவிடலாமா? வீட்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளத் தம்பிக்குப் பவர் (தன் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) கொடுக்க வேண்டுமா? தெரிந்தவர் ஒருவர் மிலானில் இருக்கும் தன் அக்காவிடம் ஒரு சின்னப் பார்சலைச் சேர்க்கச் சொல்கிறார், எடுத்துப்போகலாமா? அம்மாவிடம் தோழியும் கூட வருகிறாள் என்று சொல்லியிருக்கிறார். ‘யாருக்கும் கெடுதல் இல்லாத சின்னப் பொய்கள்தானே? அப்படியே ஏதாவது ஆனாலும் நம் தூதரகம் இருக்கிறதே?’ என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் முதல் இரண்டு பக்கத்துக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. தனியாகப் போகிறவர்கள் எல்லோருக்கும் அந்தப் பயம் இருக்கும். முதல் பத்து நாளில் பாதி போய்விடும், மீதி கூடவே வரும். அது வருவதும் நல்லதுதான். வழக்கறிஞராக என்னைக் கவலைப்படுத்துவது மூன்றாவது பக்கம். நீங்கள் சின்னது என்று நினைத்து எழுதியவைதான் எல்லாச் சிக்கலுக்கும் விதை.

என் கதையையே சொல்கிறேன். 28 வயதில் முதல்முறை தனியாக வெளிநாடு போனேன். இமிகிரேஷன் கவுண்ட்டரில் இருந்தவர், ‘எங்கே தங்குகிறீர்கள்?’ என்று கேட்டார். எட்டுப் பேர் படுக்கும் மலிவான விடுதி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ‘நண்பர் வீட்டில்’ என்றேன். நண்பரின் முழுப் பெயர் என்ன, என்ன வேலை, முகவரி எங்கே என்று அடுத்தடுத்துக் கேள்விகள். பக்கத்து அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். பையைத் திறந்தபோது மேலாக இருந்ததே விடுதிக்குப் பணம் கட்டிய ரசீதுதான். போனில் 6 சதவீதம் சார்ஜ். கூட யாராவது இருந்திருந்தால், ‘இவன் பயத்தில் உளறுகிறான், விடுதியில்தான் தங்குகிறோம்’ என்று சொல்லியிருப்பார்கள். தனியாகப் போனால் உங்கள் பேச்சுக்குச் சாட்சி உங்கள் காகிதங்கள் மட்டும்தான். வாய் ஒன்று சொல்லி, காகிதம் வேறு சொன்னால், காகிதத்தைத்தான் நம்புவார்கள். கடைசியில் உள்ளே விட்டார்கள், நான் கேட்டதைவிடக் குறைந்த நாளுக்கு.

விசா கையில் இருந்தால் உள்ளே போவது உரிமை என்று நீங்கள் எழுதியிருப்பதையும் இங்கேயே திருத்திவிடுகிறேன். விசா என்பது வாசல்வரை வந்து கேட்பதற்கான அனுமதி. உள்ளே விடுவதா, எத்தனை நாளுக்கு விடுவது என்பதை எல்லையில் நிற்கும் அதிகாரிதான் முடிவு செய்வார்.

90 நாள் கணக்கு

அல்பேனியா போய்விட்டு வந்தால் 90 நாள் முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்று நினைத்துத்தான் இந்தத் திட்டத்தைப் போட்டிருக்கிறீர்கள். ஆரம்பிக்காது. என்னிடம் வரும் பயணக் கேள்விகளில் அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான்.

தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் பொது விசா வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்கு ஷெங்கன் பகுதி என்று பெயர். அதில் இப்போது 29 நாடுகள், அல்பேனியா அதில் இல்லை. குறுகிய காலப் பயணிக்கு இவை அனைத்தும் சேர்ந்து ஒரே வீடு மாதிரி. எந்த 180 நாளை எடுத்தாலும் அந்த வீட்டுக்குள் 90 நாளுக்கு மேல் இருக்கக்கூடாது. இந்த 180 நாள் ஜனவரி முதல் ஜூன் வரை என்பதுபோல நிலையானது அல்ல, நகர்ந்துகொண்டே இருப்பது. அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ணிப் பார்க்க வேண்டும். உள்ளே நுழைந்த நாளும் கணக்கு, வெளியேறிய நாளும் கணக்கு.

உங்கள் திட்டத்தை இதில் வைத்துப் பார்ப்போம். முதல் 70 நாள் உள்ளே. 71 முதல் 80 வரை அல்பேனியா. 81-ஆவது நாள் திரும்ப உள்ளே வரும்போது கையில் மிச்சம் 20 நாள்தான். 100-ஆவது நாளோடு அதுவும் தீர்ந்துவிடும். 101-ஆவது நாள் காலையில் கிரீஸில் ஏதோ ஒரு தீவில் கண்விழிக்கும்போது, உங்களுக்கே தெரியாமல் அனுமதியின்றித் தங்கியிருப்பவர் ஆகிவிடுவீர்கள். மொத்தம் 15 நாள் அதிகம். முத்திரையை யார் உட்கார்ந்து எண்ணப்போகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். 2025 அக்டோபர் 12-இலிருந்து முகப்படம், கைரேகையோடு வருகையையும் புறப்பாட்டையும் மின்னணு முறையில் பதியும் ஏற்பாட்டைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். எண்ணுவது கணினி. அதிகம் தங்கினால் அபராதமோ, சில காலம் நுழையத் தடையோ வரலாம். நாட்டுக்கு நாடு இது மாறும். அந்தப் பதிவு அடுத்த விசா விண்ணப்பத்திலும் எட்டிப்பார்க்கும்.

சரி, என்ன செய்வது? இதைத் தீர்க்க 115 நாளையும் கலைக்க வேண்டியதில்லை. அல்பேனியாவின் 10 நாளை 25 ஆக்கிவிட்டு, பின்பாதியின் 35 நாளை 20 ஆகக் குறையுங்கள். 70, 25, 20. அதே 115 நாள், ஷெங்கனுக்குள் சரியாக 90. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அல்பேனியா எத்தனை நாள் தருகிறது, முன்விசா வேண்டுமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் 90-ஐத் தொடாமல் 86, 87-இல் நிறுத்திக்கொள்வேன். விமானம் ரத்தானாலோ, காய்ச்சலில் படுத்துவிட்டாலோ இரண்டு மூன்று நாள் கைவசம் இருக்கட்டும்.

நீங்கள் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. சிலருக்குக் குறுகிய பயணத்துக்கு விசாவே தேவைப்படாது, ஆனால் 90 நாள் கணக்கு அவர்களுக்கும் உண்டு. ஏஜென்ட்டைப் பற்றி எழுதியிருப்பதால் உங்களுக்கு விசா வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. விசா ஸ்டிக்கரில் ‘எப்போதிலிருந்து எப்போது வரை’ என்று இரண்டு தேதி இருக்கும், ‘எத்தனை நாள்’ என்று தனியாக ஓர் எண்ணும் இருக்கும். தேதி இரண்டுக்கும் நடுவில் ஐந்து மாதம் இருந்தாலும் அந்த எண் 45 என்றால் 45 நாள்தான். பக்கத்திலேயே எத்தனை முறை நுழையலாம் என்றும் போட்டிருக்கும். ஒருமுறை மட்டும் என்றால், அல்பேனியா போன பிறகு திரும்ப உள்ளே வர முடியாது. பலமுறை நுழையும் விசாவைக் கேட்டு, ஏன் வேண்டும் என்பதற்கு உங்கள் பயணத் திட்டத்தையே காரணமாகக் காட்டுங்கள்.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கொடுக்க வேண்டும், எங்கே சீக்கிரம் கிடைக்கும் என்று தேடி அல்ல. முடிவு பொதுவாக 15 நாளில் வரும், 45 நாள் வரைகூட இழுக்கலாம். உங்களிடம் ஐந்து மாதம்தான் இருக்கிறது, அதனால் இந்த மாதமே வேலையைத் தொடங்குங்கள். பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். ஷெங்கனை விட்டுக் கிளம்பிய பிறகும் மூன்று மாதம் அது செல்ல வேண்டும். வேறு பல நாடுகள் ஆறு மாதம் கேட்கின்றன.

லேப்டாப்பும் விசாவும்

‘சம்பளம் தருவது என் நிறுவனம், பணம் வருவது என் வங்கிக்கு, அந்த நாட்டில் யாருடைய வேலையையும் நான் பறிக்கவில்லை. அப்புறம் எப்படி அது வேலையாகும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நிறைய நாடுகளின் சட்டம், சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பார்ப்பதில்லை, நீங்கள் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்றும் பார்க்கிறது.

இதற்கு உலகம் முழுக்க ஒரே பதில் கிடையாது. பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல், பார்வையாளராக வருகிறவர் தன் வெளிநாட்டு வேலையை அங்கிருந்து செய்யலாம் என்று விதியிலேயே எழுதிவிட்டது. வந்ததன் முக்கிய நோக்கம் அந்த வேலையாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். எஸ்டோனியா 2020-இலும் ஸ்பெயின் 2023-இலும் இப்படி வேலை செய்கிறவர்களுக்கென்றே தனி விசா கொண்டுவந்தன. தனி விசா என்று ஒன்று வைத்திருக்கும் நாட்டில், சுற்றுலா விசாவில் ஐந்து வாரம் வேலை செய்துவிட்டு ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்வது எடுபடாது.

‘யார் பார்க்கப்போகிறார்கள்?’ என்பதுதான் உங்கள் அடுத்த வரி. மின்னஞ்சலுக்குப் பதில் போட்டதற்காக யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பல நாடுகளில் எல்லை அதிகாரி உங்கள் போனை வாங்கிப் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. சுற்றுலாவுக்கு வந்தேன் என்று நீங்கள் சொல்ல, அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ‘5-ஆம் தேதியிலிருந்து அங்கிருந்தே லாகின் செய்கிறேன்’ என்று நீங்களே போட்டிருந்தால், என்னுடைய விடுதி ரசீது கதைதான்.

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, அந்த ஐந்து வாரத்துக்குச் சம்பளமில்லா விடுப்பு. இரண்டு, வேலை செய்யும் வாரங்களை மட்டும் அதை வெளிப்படையாக அனுமதிக்கும் நாட்டுக்கு மாற்றுவது. மூன்று, 80 நாளில் பயணத்தை முடித்து ஊர் திரும்பி வேலையில் உட்காருவது. இரண்டாவது வழி கேட்க நன்றாக இருக்கும், ஆனால் முதல் தனிப்பயணத்தில் இன்னொரு நாட்டு விசாவையும் சுமக்க வேண்டி வரும். உங்கள் சேமிப்பு இடம் கொடுத்தால் முதல் வழி. இல்லையென்றால் மூன்றாவது. 80 நாளும் சின்னப் பயணம் இல்லை.

எந்த வழியானாலும் மேலாளரின் வாய்வார்த்தையை எழுத்தில் வாங்குங்கள். நீண்ட விடுப்பு என்பது பெரும்பாலான இடங்களில் சட்டம் தரும் உரிமை அல்ல, நிறுவனம் தரும் சலுகை. நீங்கள் இல்லாத நேரத்தில் அந்த மேலாளர் வேறு துறைக்குப் போய்விட்டால், புதிதாக வருகிறவருக்கு எந்த வார்த்தையும் ஞாபகம் இருக்காது. விடுப்பு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, திரும்பினால் அதே பதவியா, சம்பளம் உண்டா என்று மூன்று வரியில் ஒரு கடிதம் போதும். நீங்கள் ஊர் திரும்புவீர்கள் என்பதற்கு விசா அதிகாரியிடம் காட்டவும் அதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

ஏஜென்ட் தரும் டிக்கெட்

பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் நிஜமாகவே பதிவு செய்து, பிறகு திட்டம் மாறி ரத்து செய்வது வேறு. இல்லாத டிக்கெட்டைக் கணினியில் தயாரித்துக் கொடுப்பது வேறு. இரண்டாவது போலி ஆவணம். கையெழுத்துப் போட்டது நீங்கள் என்பதால் பழியும் உங்கள் மேல்தான் விழும், ஏஜென்ட் மேல் அல்ல. பொய்யான தகவல் தந்ததாகத் தீர்மானித்தால் கனடா 5 ஆண்டும், பிரிட்டன் 10 ஆண்டும் கதவை மூடும். அமெரிக்காவில் வாழ்நாள் தடை. ஐரோப்பாவுக்கு மட்டும்தானே போகிறேன் என்று நினைக்காதீர்கள். ‘இதற்குமுன் எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா?’ என்ற கேள்வி பல நாட்டு விண்ணப்பங்களில் இருக்கிறது.

தூதரகம் என்ன செய்யும், என்ன செய்யாது

இதில் உங்கள் உரிமை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆவது பிரிவின்படி, உங்களைக் கைது செய்தால், உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி நீங்கள் கேட்கலாம். அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது என்பதைத் தாமதிக்காமல் உங்களிடம் சொல்வதும் அந்த நாட்டு அதிகாரிகளின் கடமை. தூதரக அதிகாரிகள் உங்களை வந்து பார்க்கலாம், வழக்கறிஞர் கிடைக்க உதவலாம். பாஸ்போர்ட் தொலைந்தால் ஊர் திரும்ப அவசர ஆவணம் தருவார்கள்.

ஆனால் அவர்கள் உங்களுக்காக வாதாட மாட்டார்கள். மருத்துவமனைக் கட்டணத்தைக் கட்டுவார்கள் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். உள்ளூர்ச் சட்டத்திலிருந்து உங்களை மீட்டு அழைத்துவரவும் அவர்களால் முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தங்கள் இன்னொரு நாட்டில் மாட்டிக்கொண்டால் அந்த உதவியும் சுருங்கிவிடும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசாப் பக்கம், இரண்டு புகைப்படம், இவற்றைப் பாஸ்போர்ட் இல்லாத வேறொரு பையில் வையுங்கள். தொலைந்தால் முதலில் காவல் நிலையம், பிறகு தூதரகம்.

தம்பிக்குப் பவர்

பொதுப் பவர் வேண்டாம். தம்பி மேல் சந்தேகம் என்று இல்லை. வாடகை வாங்கவும் ஒரு வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டையே விற்கும் அதிகாரம் எதற்கு? என்ன என்ன செய்யலாம் என்று வேலைகளைப் பெயர் சொல்லி எழுதி, முடிவுத் தேதியும் போட்டுக் குறிப்பிட்ட பவராகக் கொடுங்கள். உங்கள் போன் எண்ணை அங்கே உயிரோடு வைத்திருக்க வழி செய்யுங்கள். வங்கி ஓடிபி வரவில்லை என்றால் எந்தப் பத்திரமும் உடனே உதவாது.

அந்தப் பார்சல்

இதற்கு மட்டும் காரணம் கேட்காமல் நான் சொல்வதைக் கேளுங்கள். வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு அதைக் கொடுத்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. பையில் என்ன இருந்தாலும் அது பையைச் சுமப்பவருடையது என்றுதான் சுங்க அதிகாரி முதலில் எடுத்துக்கொள்வார். சிங்கப்பூர் போன்ற இடங்களில், போதைப்பொருள் உங்கள் வசம் இருந்தால், அது என்ன என்று உங்களுக்குத் தெரியும் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். ‘என் வழக்கறிஞர் கூடாது என்று சொல்லிவிட்டார்’ என்று என் மேலேயே பழியைப் போட்டுவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் படிவம்

படிவத்தை இன்னும் அனுப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஏற்கெனவே இருக்கும் நோயைக் கேட்டும் மறைத்தால், க்ளெய்ம் வரும்போது மறுக்க நிறுவனத்துக்கு வழி கொடுக்கிறீர்கள். மூச்சுத்திணறலில் மருத்துவமனையில் சேர்ந்தால் மருத்துவர் முதலில் கேட்பதே ‘எத்தனை வருடமாக ஆஸ்துமா?’ என்றுதான். நீங்கள் சொல்லும் பதில் அவர் கோப்பில் ஏறும், அந்தக் கோப்பு இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குப் போகும். மிச்சம் பிடிக்கும் பிரீமியத்தையும் ஒரு வாரம் படுக்கையில் இருந்தால் வரும் கட்டணத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பாலிசியில் இன்னும் இரண்டு இடத்தைப் படியுங்கள். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். அதை மட்டும் மனத்தில் வைத்து எடுத்த பாலிசி அல்பேனியாவில் செல்லாமல் போகலாம். ஆண்டு முழுவதற்குமான பாலிசிகளில் ‘ஒரு பயணம் இத்தனை நாளைத் தாண்டக்கூடாது’ என்ற வரி சின்ன எழுத்தில் இருக்கும். உங்களுக்கு 115 நாளும் வேண்டும். இன்ஹேலரைக் கைப்பையில் வையுங்கள். மருந்துச் சீட்டில் பிராண்ட் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் எழுதி வாங்குங்கள், ஏனென்றால் பிராண்ட் பெயர் நாட்டுக்கு நாடு மாறும்.

அந்தப் படிவத்தில் அவசரத் தொடர்புக்குத் தோழியின் எண்ணைப் போட்டிருக்கிறீர்கள், அம்மாவுக்கு விஷயம் தெரியக்கூடாது என்பதற்காக. அந்தத் தோழி உங்களோடு வருவதாகச் சொல்லியிருப்பதால், 115 நாளும் உங்கள் அம்மாவின் கண்ணில் படாமல் அவர் நடமாட வேண்டும். முதல் வாரமே கடைத்தெருவில் மாட்டிக்கொள்வார் என்று நினைக்கிறேன். அது போகட்டும். நடுராத்திரி மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தால், உங்கள் ஒவ்வாமை என்ன, முன்பு என்ன சிகிச்சை எடுத்தீர்கள் என்று அவரால் சொல்ல முடியுமா? குடும்பத்தில் யாரையாவது கேட்டால்தான் பேசுவோம் என்று அவர்கள் சொன்னால், தோழி உங்கள் அம்மாவின் கதவைத் தட்டி இரண்டு செய்தியை ஒன்றாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பது என் துறை இல்லை. தம்பியையும் கூட வைத்துக்கொண்டு, திருத்திய பயணத் திட்டத்தைத் தாளில் எழுதிக் காட்டிச் சொல்லுங்கள் என்பது என் யோசனை. சொன்ன பிறகு அந்தப் படிவத்தை எடுத்து, தொடர்பு எண்ணில் தம்பியின் பெயரைப் போடுங்கள். ஆஸ்துமா என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று டிக் செய்து அனுப்பிவிடுங்கள்.